கானலுக்கு அந்தப் பக்கம்

உப்பளத்தில் காலை பத்து மணிக்கு மேல் எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் முதலில் திட்டுவது லென்ஸைத்தான். கண் கூர்மையாக இல்லை, இறகின் ஓரங்கள் கரைந்திருக்கின்றன, கால்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. கடைக்காரரிடம் கொண்டுபோய் ஃபோகஸைச் சரிபார்க்கச் சொல்வார்கள். சிலர் அதே கடையில் இன்னும் விலை கூடிய லென்ஸுக்கு முன்பணமும் கட்டிவிட்டு வருவார்கள். அந்த லென்ஸிலும் பத்து மணிப் படம் அப்படியேதான் இருக்கும். கேமராவுக்கும் பறவைக்கும் நடுவில் கிடக்கும் நாற்பது மீட்டர் காற்றையும் சேர்த்துத்தானே படம் எடுக்கிறோம்!

காற்று ஒளியை வளைக்கும், ஆனால் மிகச் சொற்பமாக. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.0003. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த எண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். இவ்வளவு சிறிய மாற்றத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். கோடையில் காய்ந்த உப்புப் பாத்தியின் தரை 50 டிகிரியைத் தாண்டும். அதற்கு இடுப்பளவு மேலே காற்று 35 டிகிரியில் இருக்கும். தரையைத் தொட்ட காற்று சூடாகி, திரள் திரளாகப் பிய்ந்து மேலே எழும். அதன் இடத்துக்கு மேலிருந்து குளிர்ந்த காற்று இறங்கும். ஒவ்வொரு திரளும் ஒரு மட்டமான லென்ஸ்; ஒளியைத் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் திருப்பிவிடும். நாற்பது மீட்டர் தூரத்தில் இப்படி எத்தனையோ திரள்களைக் கடந்து ஒளி வருகிறது. அடுப்பில் கொதிக்கும் உலைநீருக்குள் கிடக்கும் அரிசியை எண்ணிப் பார்க்கிற கதைதான். இதே வேலை அடிவானத்தை ஒட்டி நடந்தால் கானல்நீர் என்கிறோம். பக்கத்தில் நடக்கும்போது அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அதனால்தான் பழியெல்லாம் லென்ஸின் மேல் விழுகிறது.

ஷட்டரை 1/4000 நொடிக்கு ஏற்றினாலும் பயனில்லை. அந்த வேகம் நடுக்கத்தை உறைய வைக்கும். வளைந்த ஒளியை நேராக்காது. கோணல் அப்படியே துல்லியமாகப் பதிவாகும். தொடர்ச்சியாக இருபது முப்பது படங்களைத் தட்டினால், காற்று ஒரு கணம் அடங்கியபோது விழுந்த ஒன்றிரண்டு தேறலாம். மற்றபடி முக்கியமான வழிகள் மூன்று: தூரத்தைக் குறைப்பது, தரை சூடாகுமுன் வருவது, மேகம் போட்ட நாளுக்குக் காத்திருப்பது.

படம் கொஞ்சம் மங்கினால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். பெரும்பாலான பறவைகளுக்கு முழுகாது. கூழைக்கடாவை எந்தக் கானலிலும் அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் நம் கடற்கரையில் ஓர் உப்புக்கொத்தி இருக்கிறது. அதன் விஷயத்தில் எல்லாம் ஒரு மெல்லிய கோட்டில் போய் நிற்கிறது.

உப்புக்கொத்தி என்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கரைப்பறவை. முதுகு மணல் நிறம், வயிறு வெள்ளை. ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் ஆண்டு முழுக்கத் தங்கி முட்டையிடும் ஓர் உப்புக்கொத்தியை, ஐரோப்பா முதல் கிழக்காசியா வரை பரவியிருக்கும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் உள்வகை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1915இல் அதற்கு ஓர் அறிவியல் பெயர் கிடைத்தது. பிறகு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து மரபணுக்களையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, இது தனி இனம் என்று 2023இல் அறிவித்தார்கள். மற்ற உறவுக்காரர்களிடமிருந்து ஏறக்குறைய 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்பது மரபணுக் கணக்கு. ராமர் பாலத்தை ஒட்டிய கரைகளில் வாழ்வதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிட்டார்கள்.

சிக்கல் குளிர்காலத்தில் தொடங்குகிறது. வடக்கிலிருந்து கெண்டிஷ் உப்புக்கொத்திகள் வலசை வந்து அதே சேற்றில், அதே கூட்டத்தில் கலந்துவிடும். அனுமன் சற்றே சிறியது, இறக்கை குட்டை. ஆனால் அளவுகோல் இல்லாத மணல்வெளியில் அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தை யார் கண்டார்கள்? இனப்பெருக்கக் கோலத்தில் இருக்கும் ஆண்களிடம் ஓர் அடையாளம் உண்டு. கெண்டிஷ் ஆணுக்கு அலகின் அடியிலிருந்து கண் வரை ஒரு கருங்கோடு ஓடும். அனுமன் ஆணில் அந்த இடம் பெரும்பாலும் வெள்ளை; கோடு இருந்தாலும் மெலிந்துதான் இருக்கும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோட்டின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர் என்று வையுங்கள். பறவை 40 மீட்டர் தொலைவில், கையில் 500 மி.மீ. லென்ஸ். சென்சாரில் விழும் கோட்டின் பிம்பம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. இன்றைய கேமராக்களில் ஒரு பிக்சல் ஏறத்தாழ நான்கு மைக்ரான். ஆக, ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரிக்கும் அடையாளம் ஆறே பிக்சல்களில் உட்கார்ந்திருக்கிறது. உப்பளத்தின் பதினொரு மணிக் காற்றுக்கு அந்த ஆறை விழுங்குவது பெரிய காரியமே இல்லை.

பறவைப் படக்கலை பற்றிய கையேடுகளில் பல குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் சொல்லும் முதல் பாடம், தரையோடு தரையாகப் படுத்துப் பறவையின் கண்மட்டத்தில் எடு என்பது. அழகுக்கு அது சரிதான். பின்னணி தூரமாகப் போய்க் கரைந்துவிடும், பறவையும் நம்மைச் சமமாகப் பார்ப்பது போலிருக்கும். ஆனால் வெப்ப வேறுபாடு மிகக் கடுமையாக இருப்பது தரையிலிருந்து முதல் சில சென்டிமீட்டரில். படுத்துக்கொண்டால் முழுத் தூரமும் அந்த அடுக்கின் வழியாகவே பார்க்கிறோம். எட்டு, எட்டரை மணிவரை படுங்கள். அதன் பிறகு எழுந்து வரப்பின் மேல் ஏறிவிடுவது நல்லது. நாலடி உயரம் கூடினாலே ஒளி அந்தக் கொதிக்கும் அடுக்கில் செல்லும் தூரம் குறையும். கண்மட்ட அழகு போய்விடும், கருங்கோடு மிஞ்சும்.

அவர்களுடைய இரண்டாவது பாடம் பொன்னொளி நேரம். லண்டனில் டிசம்பர் மாத நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் உயரும். பகல் முழுக்கச் சாய்ந்த, மென்மையான வெளிச்சம். கோடிக்கரை பத்து டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், மணிக்குச் சுமார் 15 டிகிரி வேகத்தில். ஆறரைக்கு உதித்தால் எட்டரைக்கெல்லாம் பறவையின் கண்ணுக்கடியில் நிழல் கட்டிவிடும். நமக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம்கூட இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் பல விஷயங்கள் தாமாகச் சரியாகும்: முதல் நாள் இரவே ஊர் வந்து சேர்ந்துவிடுவோம், எந்த வரப்பில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்று மாலையிலேயே பார்த்து வைப்போம், காலையில் டீக்கடையில் உட்கார மாட்டோம்.

உப்பளம் ஒரு சலுகையும் தருகிறது. நண்பகலில் வெள்ளை உப்பும் ஆழமில்லாத நீரும் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்பும். காட்டில் அந்த நேரத்தில் பறக்கும் பறவையின் வயிறு கருத்துப்போகும். பாத்திகளுக்கு மேலே வட்டமிடும் ஆலாவின் இறக்கை அடிப்பக்கம் ஒவ்வோர் இறகும் தெரிய ஒளிரும். தரையில் நிற்பவற்றை விட்டுவிட்டுப் பறப்பவற்றுக்கு மாறிக்கொள்ளும் நேரம் அது. ஒளிப்பாதையும் தரையைவிட்டு மேலே போவதால் கானலின் தொல்லை குறைவு.

நம்மைப் படுத்தும் இதே வெயில் பறவையை என்ன செய்கிறது?

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் வெப்பம் 40, 41 டிகிரி. சுற்றியிருக்கும் காற்றும் தரையும் அதைவிடச் சூடானால், வெப்பத்தை வெளியேற்ற நீரை ஆவியாக்குவது ஒன்றுதான் வழி. கூழைக்கடாவும் நீர்க்காகமும் வாயைப் பிளந்து தொண்டைத் தோலைப் படபடவென்று அதிரவைக்கும். உடலை அசைக்காமல், அதிகம் செலவில்லாமல் ஆவியாக்கும் உத்தி இது. சாதாரணப் படத்தில் இது வெறும் கொட்டாவியாகத் தெரியும். இருபது நொடி வீடியோ எடுத்தால் விளங்கும். கடலோரத்தில் இதற்கு ஓர் இடைஞ்சல் உண்டு: காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மெதுவாக நடக்கும். மதுரைக் கண்மாயில் 38 டிகிரியைத் தாங்கும் பறவைக்குக் கடற்கரையில் புழுக்கத்தோடு சேர்ந்த 38 டிகிரி வேறு சோதனை.

நாரைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றை வீட்டுப் பிள்ளைகளாகவே வைத்திருக்கிறார்கள், அதனால் நெருக்கமாகப் பார்க்க முடியும். வெயில் ஏறிய பிறகு நாரையின் கால்களைக் கவனியுங்கள். செம்மை கலந்த கால்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். நோயல்ல, அழுக்குமல்ல. நீர்த்த எச்சத்தை நாரை தன் கால்களின் மேலேயே கழித்துக்கொள்கிறது. ஈரம் ஆவியாகும்போது காலில் ஓடும் ரத்தம் குளிரும், அந்த ரத்தம் உடம்புக்குள் திரும்பும். கூட்டில் தாய்ப் பறவையோ தந்தைப் பறவையோ முதுகைச் சூரியனுக்குக் காட்டி இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும். குஞ்சுகள் அந்த நிழலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். சூரியன் நகர நகர நாரையும் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும். காலையில் ஒரு படம், உச்சியில் ஒரு படம், மூன்று மணிக்கு ஒரு படம் என்று அடுக்கிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அழகான ஒற்றைப் படத்துக்காக அலைபவர்கள் இப்படி வரிசையாக எடுப்பதில்லை. அறிவியலுக்கு எனக்கென்னவோ வரிசைதான் உயர்வாகப் படுகிறது.

மரத்தில் இருக்கும் நாரைக்காவது காற்று அடிக்கும். உப்புக்கொத்தி வெறுந்தரையில் முட்டையிடுகிறது. ஒரு சிறு குழி, நாலு கிளிஞ்சல் துண்டு, மணலைப் போலவே புள்ளியிட்ட முட்டைகள். ஆலாவும் ஆள்காட்டியும் அப்படித்தான். அடைகாத்தல் என்றால் முட்டைக்குச் சூடு கொடுப்பது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கே பகலில் அது தலைகீழ்: முட்டையைச் சூட்டிலிருந்து காப்பதே வேலை. கரு வளரத் தோதான வெப்பம் 36 முதல் 38 டிகிரி. 42ஐத் தாண்டி நீடித்தால் பிழைப்பது அரிது. பாத்தி வரப்போ 50 டிகிரியில் தகிக்கிறது. தாய் தண்ணீருக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்காரும். சில நேரம் உட்காராமல் கால்களை விறைத்து நின்று நிழல் மட்டும் கொடுக்கும். செங்கடலில் உள்ள ஃபராசான் தீவுகளில் கெண்டிஷ் உப்புக்கொத்திகளைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. அத்தனை வெக்கையில் கூட்டைக் காப்பது ஒற்றைப் பறவையால் ஆகிற காரியமல்ல, ஆணும் பெண்ணும் முறைபோட்டுக்கொண்டால்தான் தாக்குப்பிடிக்கலாம் என்பதை அது காட்டியது.

நண்டு தின்னும் கருப்பு வெள்ளைக் கரைப்பறவை ஒன்று மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் கிராப் ப்ளவர். அது கண்ட வழி முற்றிலும் வேறு. அரபிக்கடல், பாரசீக வளைகுடா, செங்கடல் ஓரங்களில் மணலைத் தோண்டி வளைக்குள் முட்டையிடும். மேலே எரிகிற வெயில் மணலுக்குள் பதமான சூடாக இறங்குவதால், பெற்றோர் முட்டையை விட்டு நெடுநேரம் இரை தேடப் போகலாம். கரைப்பறவைகளில் இப்படிச் செய்வது இது ஒன்றுதான்.

கேமராக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். உப்புக்கொத்தி ஒன்று இறக்கையை ஒருபக்கமாகத் தொங்கவிட்டு, ஒடிந்ததைப்போல இழுத்துக்கொண்டு நம் முன்னால் தடுமாறி ஓடும் படங்கள் நிறையப் புழங்குகின்றன, பரிசும் வாங்குகின்றன. அது எதிரியைக் கூட்டிலிருந்து திசை திருப்பும் நடிப்பு. அப்படி ஒரு படம் கிடைத்திருக்கிறது என்றால், எடுத்தவர் கூட்டுக்கு மிக அருகில் நின்றிருக்கிறார் என்று பொருள். மற்றதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. குளிர்நாட்டில் பெற்றோர் எழுந்துபோனால் முட்டை மெல்லக் குளிரும். கரு அதை ஓரளவு தாங்கும். நம் நண்பகலில், எட்டு ஒன்பது கிராம் எடையுள்ள முட்டை வெறும் வெயிலில் எல்லை தாண்டச் சில நிமிடங்கள் போதும். இன்னும் ஒரே ஒரு படம் என்று நிற்கும் நேரம் அதுதான். குஞ்சு பொரிக்கும் காலத்தில் ஒன்பது மணிக்கு மேல் வரப்பில் யாரும் படக்கருவியோடு நிற்கக் கூடாது என்பது என் கட்சி. எட்ட நின்று எடுக்கிறேன் என்பவருக்குக் கானல் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டது; அந்தப் படம் எதற்கும் உதவாது.

உப்பு வாரும் தொழிலாளர்கள் அதே வரப்பில் நாள் முழுக்க நடக்கிறார்கள், பறவைகள் பதறுவதில்லை. நடையின் போக்கு மாறாமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களை அவை பழகிக்கொள்கின்றன. நின்று, குனிந்து, தன்னையே உற்றுப் பார்த்து நேராக நெருங்கும் உருவம்தான் அவற்றுக்கு ஆபத்து. குறுக்காக நடந்து, இடையிடையே வேறு பக்கம் பார்த்து, பறவை இரை கொத்துவதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அது மறுபடி கொத்தத் தொடங்கும்வரை அடுத்த அடி இல்லை.

கருவிகள் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெண்கொக்கைக் கேமராவின் தானியங்கி அளவுக்கு விட்டால், கருத்த சேற்றைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டி, கொக்கை வெறும் வெள்ளைக் காகிதமாக்கிவிடும். தெளிந்த வெயிலில் பழைய ஃபிலிம் கால விதியே போதும்: ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/1600 நொடி, வெள்ளைப் பறவைக்கு அதில் பாதி வெளிச்சம், அதாவது 1/3200. பின்னணி எதுவானாலும் மாற்ற வேண்டாம். சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு பெட்டியைக் கட்டி, கருப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு கருவி போதவில்லை என்று புலம்ப எனக்கு வாய் வருவதில்லை.

நம் ஊருக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்; அரை மணி முன்பே பையோடு வெளியே வைத்துவிட வேண்டும். ஏசி காரின் கண்ணாடியை இறக்கி எடுத்தால் குளிர்ந்த காற்றும் வெக்கையும் ஜன்னலிலேயே கலந்து, கையெட்டும் தூரத்தில் ஒரு குட்டிக் கானல் உண்டாகும். பெரிய லென்ஸ் வெயிலில் சூடேறாதிருக்க அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வையுங்கள். கடல்காற்றில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் படிகங்கள் கண்ணாடியைக் கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கும்போதுதான் பாதி அவதானிப்பே நடக்கிறது. கடற்காகத்தின் அலகு நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கும். குடித்த தண்ணீரல்ல, கண்ணுக்கு மேலே உள்ள உப்புச் சுரப்பிகள் ரத்தத்திலிருந்து பிரித்து மூக்குத் துளை வழியே வெளியேற்றும் அடர்ந்த உப்புநீர். பூநாரைக்கும் அந்தச் சுரப்பி உண்டு. ஏப்ரலில் எடுத்த வளைமூக்கு உள்ளான் படங்களில் சாம்பல் இறகுகளுக்கு நடுவே செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஏறியிருக்கும். சைபீரியத் தூந்திரத்துக்குக் கிளம்பும் பறவை இங்கேயே கல்யாண உடைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால், அதன் நிறமும் எழுத்தும் ஒரு பயணத்தின் முகவரி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடிக்கரையில் வளையமிட்ட உள்ளான்கள் சைபீரியாவில் மறுபடி கிடைத்திருக்கின்றன. முன்பெல்லாம் பறவை செத்தாலோ வலையில் சிக்கினாலோதான் அந்த எண்ணைப் படிக்க முடியும். இப்போது ஒரு நல்ல காலைப் படம் போதும்.

அனுமன் உப்புக்கொத்திக்கும் அப்படிப்பட்ட படங்கள் வேண்டும். தமிழகக் கரையில் அது எந்தெந்த உப்பளங்களில் முட்டையிடுகிறது, வடக்கே எதுவரை போகிறது என்பதை ஆய்வாளர்கள் மட்டும் நடந்து முடித்துவிட முடியாது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின்போது எடுக்கும் படங்கள் இதற்கு அவ்வளவாக உதவா. ஜனவரியில் வலசை வந்தவையும் உள்ளூரும் கலந்து கிடக்கும், ஆண்களின் முகக்கோலமும் தெளிவாக இருக்காது. வலசைப் பறவைகள் போய்விட்ட மே, ஜூனில் எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு. அதுதான் கத்திரி வெயில், அதுதான் அவை முட்டையிடும் காலமும். ஆகவே ஆறு மணிக்கு வரப்பில் இருக்க வேண்டும். ஆணின் பக்கவாட்டு முகம், அலகிலிருந்து கண் வரை, இரண்டு மூன்று படம். கூடு எங்கே என்று தேடக் கூடாது; தற்செயலாகக் கண்ணில் பட்டால் அதைப் படமெடுக்கவும் கூடாது, இடத்தைப் பொதுவில் போடவும் கூடாது. உப்பளத்தின் பெயரையும் தேதியையும் சேர்த்து இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிட்டு, எட்டு மணிக்குள் டீக்கடைக்கு வந்துவிடலாம்.